கொதிக்கும் பேட்டரிகளுக்கு முன்னால் ஒரு சூடம்

பெரிய மாமா இடது கையில் மணியையும் வலது கையில் தட்டையும் பிடித்திருந்தார். தட்டில் சூடம் கொழுந்துவிட்டு எரிந்தது.

அவருக்கு எதிரே நீள மேசை. அதன் மேல் வரிசையாக மோட்டார் சைக்கிள் பேட்டரிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம், தலையில் ஒரு சாமந்திப் பூ. அழகாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாமே சார்ஜில் இருந்தன. மணிச்சத்தம் ஓய்ந்த இடைவெளியில் இன்னொரு சத்தம் எனக்குக் கேட்டது. உலையில் தண்ணீர் கொதி வரும் முன் கேட்குமே, அந்த முணுமுணுப்பு. மூடி கழற்றிய துளைகளில் ஆசிட் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

வெளியே மழை. சாமி படத்தில் சாரல் அடிக்கிறதென்று ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார்கள். விளக்கு அணைந்துவிடும் என்று ஃபேனையும் நிறுத்தியிருந்தார்கள். சாம்பிராணிப் புகைக்கு நடுவே தொண்டையைக் கரகரக்கச் செய்யும் ஆசிட் நெடி.

திண்டிவனத்தில் எங்கள் பேட்டரிக் கடையில் அது ஓர் ஆயுத பூசைக் காலை. எந்த வருஷம் என்று துல்லியமாகச் சொல்லிச் சிலரைச் சங்கடப்படுத்த விருப்பமில்லை. ரொம்பப் பழைய கதை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எலுமிச்சம்பழத்துக்காக வந்த கூட்டம்

இந்தத் தொடரில் எங்கள் வீட்டு ஆட்கள் அவ்வப்போது தலைகாட்டியிருக்கிறார்கள். புதிதாகப் படிப்பவர்களுக்காக மறுபடி சொல்லிவிடுகிறேன். பெரிய மாமா என்பது என் கணவரின் அண்ணன் கோவிந்தன். கடையை ஆரம்பித்தவர். அவர் மனைவி தனம் அக்கா, என் ஓரகத்தி. என் கணவர் ஏழுமலை நல்லவர். அண்ணன் எதிரில் வாய் இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்கு நல்லவர். நான் சரளா, கெடாரிலிருந்து அந்த வீட்டுக்கு வாழ வந்தவள். காலையில் சமையலை முடித்துவிட்டுக் கடைக்குப் போய் விற்பனையைப் பார்த்துக்கொள்வேன்.

ஆயுத பூசையன்று இயந்திரங்களுக்கு ஓய்வு. தையல் மெஷின் ஓடாது, ரம்பம் ஓடாது. எங்கள் கடையிலும் முதல் நாள் மாலையே சார்ஜரை நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைப்பதுதான் வழக்கம்.

அந்த வருஷம் அப்படி நிறுத்த முடியவில்லை. காரணம் எலுமிச்சம்பழம்.

எங்கள் பக்கத்தில் பூசை முடிந்ததும் வண்டிச் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வண்டியைக் கிளப்பி அதன் மேல் ஏற்றி நசுக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த நேரத்தில் வண்டி கிளம்பாவிட்டால் வருஷம் முழுக்க விளங்காது என்று ஒரு நம்பிக்கை. முன்பெல்லாம் உதைத்துக் கிளப்பினார்கள். இப்போது வரும் பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. பட்டனை அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அத்தோடு சரி. மாலை போட்ட வண்டியை, கோலம் போட்ட வாசலில், மாமியார் வீட்டார் பார்க்கத் தள்ளிக்கொண்டு ஓடுவதை எந்த மாப்பிள்ளைதான் விரும்புவான்?

அதனால் பூசைக்கு முந்தின நாட்களில் ஊரே எங்கள் கடையில் நிற்கும். வருஷமெல்லாம் பேட்டரி ஒன்று இருப்பதையே மறந்தவர்கள், "ஜல்தி ஏத்திக் குடுங்க, காலையில பூசை" என்று கழுத்தில் துண்டைப் போடாத குறையாக நிற்பார்கள். அந்த வருஷம் மழை வேறு. வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, நனைந்த இணைப்புகளோடு ஓட்டி வந்தவர்கள் ஏராளம். கிளியனூரிலிருந்து ஒருத்தர் பேட்டரியைப் பையில் போட்டுப் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

பூசையன்று காலையிலும் சார்ஜர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வயரால் கோத்து, மொத்த வரிசைக்கும் ஒரே கரண்ட்.

அரை ஆம்பியர் மனிதர்

மாமாவுக்குத் தொழில் தெரியாது என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். பேட்டரியைக் கையில் தூக்கிப் பார்த்தே உள்ளே தண்ணீர் வற்றியிருப்பதைச் சொல்லிவிடுவார்.

"பேட்டரிய யாரும் சாவடிக்கல, பட்டினி போட்டுத்தான் கொல்றாங்க" என்பார். வானூர் பக்கமிருந்து கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். வீட்டிலிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து சைட், நடுவில் பத்து இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பட்டன் அமுக்கல். எடுத்த கரண்ட் திரும்பி ஏறுவதற்குள் வண்டி மறுபடி நின்றுவிடும். "வாரத்துல ஒரு நாளாவது நிறுத்தாம தூரமா ஓட்டுப்பா" என்று அவர்களிடம் கெஞ்சுவார். கூடுதல் விளக்கும் லாரி ஹாரனும் மாட்டி வந்த இளவட்டங்களை வாசலிலேயே பிடித்துத் திட்டுவார்.

ஆசிட் ஊற்றினால் பேட்டரிக்குப் பலம் வரும் என்று நம்பி, வற்றிய தண்ணீருக்குப் பதிலாக ஆசிட்டை ஊற்றி உள்ளே இருந்த தகடுகளை அரித்துவிட்டு வந்த ஒருவரை அவர் நாற்காலியில் உட்காரவே விடவில்லை. கேன் தண்ணீர் ஊற்றியவர்களுக்கும் அதே மரியாதைதான். டிஸ்டில்டு வாட்டர், பேட்டரி மேல் போட்டிருக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில், அவ்வளவுதான். முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வெந்நீரில் கழுவி, துடைத்து, வாசலின் தடவ வேண்டும். வெளியூர் போகும்போது மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிட வேண்டும். சீல் வைத்த புது மாடலைத் திறந்து பார்க்கவே கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மெதுவாக ஏற்ற வேண்டும். ஐந்து ஆம்பியர் பேட்டரிக்கு அரை ஆம்பியர். "கொழந்தைக்குக் கஞ்சி ஊட்டுற மாதிரி ஊட்டணும். வாயில திணிச்சா சூடாயிடும், கொதிக்கும், ஆயுசு போயிடும்."

இந்த அரை ஆம்பியர் மனிதர்தான் அன்று காலை சார்ஜரின் குமிழைத் திருகிக் கரண்டைக் கூட்டிவைத்திருந்தார். வாசலில் நின்றவர்கள் அப்படிப் பேஜாரு பண்ணினார்கள்.

அவர் சொல்லும் இன்னொரு விதியும் உண்டு. முதலில் சுவிட்சை அணை, அப்புறம்தான் கிளிப்பைத் தொடு. ஓடும் கரண்டில் கிளிப்பைப் பிடுங்கினால் பொறி பறக்கும். என் கணவர் ஒரு தடவை மாற்றிச் செய்யப் போனார். மாமா போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவியவர் எட்டிப் பார்த்தார்.

கல்லூரியில் கேட்ட 'பொப்'

நான் விழுப்புரத்தில் வேதியியல் படித்தவள். படிப்பில் பெரிய புலி என்று சொல்ல மாட்டேன். ஆய்வகத்தில் துத்தநாகத் துண்டில் ஆசிட்டை விட்டு, சோதனைக் குழாய் வாயில் எரியும் குச்சியைக் காட்டுவோம். 'பொப்' என்று வெடிக்கும். ஹைட்ரஜன் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தச் சத்தத்துக்காகவே தோழிகளும் நானும் திரும்பத் திரும்பச் செய்து, ஆசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொள்வோம்.

பேட்டரி சார்ஜில் குமிழ் விடும்போது வெளியே வருவதும் அதே வாயுதான். காற்றோட்டம் இருந்தால் கலைந்து போய்விடும். ஷட்டர் இறங்கி, ஃபேன் நின்று, மேசை முழுக்க பேட்டரிகள் கொதிக்கும் ஓர் அறையில் எங்கே போகும்?

அன்று கடைக்குள் நுழைந்ததிலிருந்தே அந்த முணுமுணுப்பு என் காதில் விழுந்துகொண்டிருந்தது. பூசை ஆரம்பிக்கும் முன்னாலேயே கணவரிடம் கிசுகிசுத்தேன்.

"சார்ஜர நிறுத்தச் சொல்லுங்க. சூடம் கொளுத்தப் போறாரு."

"இப்பவா? பூசை நேரத்துல அண்ணன்கிட்ட இன்னான்னு போய்ச் சொல்றது? நீ சும்மா இரு" என்றார் அவர், படத்தைப் பார்த்துக் கும்பிட்டபடியே.

நானே சொன்னேன். "மாமா, பேட்டரி கொதிக்குது. சார்ஜர நிறுத்திட்டு, ஷட்டரத் தூக்கிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு சூடம் காட்டலாமுங்க."

"வாசல்ல ஜனம் நிக்குதும்மா. ரெண்டு நிமிஷம். எத்தினி வருஷமா காட்டிக்கினு வர்றேன், இன்னா ஆயிடுச்சு?"

இத்தனை வருஷமும் சார்ஜரை முதல் நாளே நிறுத்திவிட்டுத்தான் காட்டினார் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. சூடம் அவருக்குச் சாமி காரியம். அதில் கரண்ட் சம்பந்தப்படும் என்று அவர் யோசித்ததே இல்லை.

செம்பில் இருந்த தண்ணீர்

படங்களுக்குக் காட்டினார். கல்லாவுக்குக் காட்டினார். பிறகு மேசைப் பக்கம் திரும்பினார்.

வழக்கமாகத் தட்டை வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, ஒவ்வொரு பேட்டரிக்கும் மேலாக வட்டமாகச் சுற்றிக்கொண்டே போவார். முகம் குனிந்து, கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க. அந்தக் குனிவைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன்.

தட்டு மேசையை நெருங்கியது. படத்துக்குக் கீழே நீர் விளாவ வைத்திருந்த செம்பை எடுத்தேன். எரிந்துகொண்டிருந்த சூடத்தின் மேல் அப்படியே ஊற்றிவிட்டேன்.

சுர்ரென்று அடங்கியது. தட்டிலிருந்த குங்குமம் கரைந்து மாமாவின் முழங்கை வழியாக வேட்டியில் இறங்கியது.

சாமிக்குக் காட்டும் சூடத்தை வாயால் ஊதி அணைப்பதே ஆகாது. நான் பூசை நடுவில், அதுவும் ஆயுத பூசையில், தண்ணீரை ஊற்றி அணைத்திருக்கிறேன். அந்தக் கடையில் ஒரு சத்தமும் இல்லை, பேட்டரிகளின் சத்தத்தைத் தவிர.

"அடிப்பாவி!" என்றார் தனம் அக்கா. "குடும்பத்து வெளக்கையே அணைச்சிட்டியேடி!"

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் என்னை ஒருமுறைகூடக் கடிந்து பேசியதில்லை. அன்றும் என்னைப் பார்த்துக் கத்தவில்லை. தட்டைத் தூக்கி மூலையில் எறிந்தார்.

"சார்ஜர்தான உனக்கு ஆவல? இந்தா, எடுத்துட்டேன். போதுமா?"

சொல்லிக்கொண்டே பக்கத்துப் பேட்டரியின் கிளிப்பைப் பிடித்து இழுத்தார். சுவிட்ச் அணையவில்லை.

நீல நிறத்தில் ஒரு பொறியைப் பார்த்தேன். அடுத்து, காதை அடைத்துக்கொண்டு ஒரு வெடி.

"கண்ணத் திறங்க மாமா"

பேட்டரியின் மேல்பாகம் பிய்ந்து கூரைத் தகட்டில் மோதி விழுந்தது. மாமா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்தார். "கண்ணு... கண்ணு எரியுது" என்று அலறினார். அவர் அலறி நான் கேட்டதே இல்லை.

மெயினை அணைக்கச் சொல்லிக் கத்தினேன். என் கணவர் அணைத்தார், ஷட்டரையும் தூக்கினார். நான் மாமாவின் தோளைப் பிடித்துப் பின்பக்கத் தொட்டிக்கு இழுத்துப் போனேன்.

"தொடாதடி அவர!" என்று தனம் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டேன். ஓரகத்தியை உதறுகிறோமே என்றெல்லாம் தோன்றவில்லை.

மக்கைத் தொட்டித் தண்ணீரில் முக்கி முக்கி முகத்தில் ஊற்றினேன். கண் இறுக மூடிக்கிடந்தது. "கண்ணத் திறங்க மாமா. திறந்தாத்தான் உள்ள இருக்கிறது போவும்." திறக்க முடியாமல் தலையை ஆட்டினார். கட்டை விரலால் இமையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினேன்.

என் கணவர் ஆப்பசோடா டப்பாவோடு ஓடிவந்தார். தரையில் ஆசிட் சிந்தினால் நாங்கள் அதைத்தான் தூவுவோம். "கண்ணுல போடக் கூடாது, தள்ளிப் போங்க!" என்று கத்தினேன். வாசலில் நின்ற ஒருவர் விளக்கெண்ணெய் விடச் சொன்னார். இன்னொருவர் தாய்ப்பால் என்றார். வாயைத் திறந்த எல்லோரையும் திட்டினேன். தண்ணீரைத் தவிர வேறு எதையும் யாரையும் கொண்டுவர விடவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் மறுபடியும் கழுவினார்கள். உடனே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும், விழுப்புரத்துக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள்.

நெடுஞ்சாலையில்

பக்கத்துக் கடை மினி வேன்தான் கிடைத்தது. இரு பக்கமும் வாழைக்கன்று கட்டியபடியே கிளம்பினோம். மாமாவை நடுவில் உட்கார வைத்து, டிஸ்டில்டு வாட்டர் கேனிலிருந்து வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போனேன். பேட்டரிக்காக வாங்கி வைத்த தண்ணீர்.

தொடர் விடுமுறை. சென்னையே காரில் ஏறித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு ரொம்ப முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டன. மழையில் எதிரே வரிசையாகச் சிவப்பு விளக்குகள். என் கணவர் இறங்கி ஓடி ஒவ்வொரு காரின் கண்ணாடியையும் தட்டி வழி கேட்டார். அண்ணனுக்காக அவர் வாயைத் திறந்து நான் பார்த்தது அன்றுதான்.

"சூடத்த அணைச்சா, சாமி கண்ண எடுத்துக்கிச்சு" என்று தனம் அக்கா அழுதுகொண்டே வந்தார். "நல்லா சுத்திக்கினு இருந்த மனுசன். ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். இவ கை வைக்காம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

சூடம் எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எதைக் காட்டி நிரூபிப்பேன்? நடக்காத ஒன்றுக்குச் சாட்சி கிடையாது. நடந்தது எல்லோருக்கும் தெரியும்: நான் சூடத்தை அணைத்தேன், உடனே பேட்டரி வெடித்தது. மாமா கண்ணை இழந்தால் அந்த வீட்டில் எனக்கு ஆயுளுக்கும் அதுதான் பெயர். ஆனால் அந்த வேனில் என் பெயரைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. அவர் பார்த்தால் போதும் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது.

மாமா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஆனால் நான் கேனைச் சாய்க்கும்போதெல்லாம் முகத்தை என் பக்கம் காட்டினார்.

கட்டுப் பிரித்த நாள்

டாக்டர் இரண்டு கண்ணுக்கும் மருந்து போட்டுக் கட்டினார். இடது கண் தப்பிக்கும் போலிருக்கிறது, வலது கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்.

அதற்குப் பின் வந்த நாட்களை நான் மறக்க விரும்புகிறேன். வீட்டில் நான் வைத்த குழம்பைத் தனம் அக்கா தொடவில்லை. என்னைக் கடைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அன்று கட்டியிருந்த பட்டுப் புடவையைத் துவைத்து உதறினேன், ஆசிட் தெறித்த இடமெல்லாம் சல்லடையாகப் பொத்துக்கொண்டது. கொல்லையில் உட்கார்ந்து அந்தப் புடவையை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். என் கணவர் வந்து பக்கத்தில் நின்றார், நின்றார், போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

கட்டுப் பிரிக்கும் நாளில் நான் வரக் கூடாது என்று தனம் அக்கா சொன்னார். போனேன். வார்டுக்குள் நுழையாமல் கதவோரம் நின்றேன்.

டாக்டர் பஞ்சை எடுத்தார். இமை ஒட்டிக்கிடந்தது. சொட்டு மருந்து விட்டுத் துடைத்தார். மாமா மெல்லக் கண்ணைத் திறந்தார். வெளிச்சம் கூசிற்று போல, மூடினார். மறுபடி திறந்தார்.

"இது எத்தனை?" என்று டாக்டர் விரலைக் காட்டினார்.

சரியாகச் சொன்னார். வலது கண்ணை மட்டும் வைத்துக் கேட்டபோது, "மழையில கண்ணாடி வழியா பாக்குற மாதிரி கீதுங்க" என்றார். அது நாளாகத் தெளியும், தெளியாவிட்டால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் தனம் அக்கா என்னைக் கவனித்தார். அழுத முகத்தோடு மாமா பக்கம் திரும்பினார். "வந்து நிக்கிறா பாருங்க. நான் சொன்னா ஓரகத்தி பேச்சும்பாங்க. நீங்களே சொல்லுங்க. சாமி சூடத்த அணைச்சது தப்பா, இல்லையா?"

மாமா தலையைத் திருப்பி என்னைத் தேடினார். இடது கண்ணால் பார்த்தார்.

"தப்புதான்" என்றார்.

என் கணவர் தரையைப் பார்த்தார். இனி அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது என்று திரும்பி நடக்கப் போனேன்.

"சரளா, நில்லும்மா" என்றார் மாமா. "அடுத்த வருஷமும் சார்ஜர் ஓடிக்கினு இருக்கச்ச நான் சூடம் ஏத்தினேன்னு வச்சுக்கோ, அடுத்த வருஷமும் அணைச்சிடு."